சேகர் காது

நைனா, நீ போனை வைத்து மூன்று மணி நேரம் ஆகிறது. அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ரிங் போகிறது, நீ எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பாய். இல்லாவிட்டால் கிழட்டு அப்பன் மறுபடியும் அதே பல்லவியைப் பாடப் போகிறான் என்று போனைக் கவிழ்த்துப் போட்டிருப்பாய். சரி, போகட்டும். வாயால் பேசினால் எனக்கு வார்த்தை வராது என்பது காலையிலேயே தெரிந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. இன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நீ அந்த மலையில் ஏறப் போகிறாய். அதற்குள் இதை நீ படித்தாக வேண்டும். படித்த பிறகு நம் குடும்பக் குழுவிலும் போட்டுவிடு. காஞ்சிபுரத்தில் உன் அம்மாவின் பிறந்த வீட்டுக்காரர்களிலிருந்து பாலசமுத்திரத்தில் என் சொந்தக்காரர்கள் வரைக்கும் எல்லோரும் படிக்கட்டும். எல்லோர் முன்னாலும் ஒருத்தனைப் பற்றிப் பொய் சொன்னவன் நான். உண்மையை மட்டும் உன் ஒருவன் காதில் ரகசியமாகச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வது நியாயம் இல்லை.

காலையில் நான் "வேணான்டா, அந்த மலைக்கு மட்டும் போவாத" என்றேன். நீ ஏன் என்று கேட்டாய். மழைக்காலம் என்றேன். நீயும் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாய். "எல்லாம் பாத்துட்டோம் நைனா, காட்டிலாகா பர்மிஷன் வாங்கியாச்சு, போன்ல மேப் இருக்குது, இன்னா பயம் உனக்கு?" என்றாய். நான் மறுபடியும் மழைக்காலம் என்றேன். அப்போது நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "நான் இன்னா சேகர் மாமாவா? நில்லுன்னா நிக்காம போறதுக்கு? எனக்கு ஒன்னும் சேகர் காது இல்ல." நீ சிரித்துத்தான் சொன்னாய். நான் கத்திவிட்டேன், "அவன் பேர எடுக்காத" என்று. நீ போனை வைத்துவிட்டாய். உன் மேல் தப்பு இல்லை. நீ பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் அப்படித்தான் பேசிக் கேட்டிருக்கிறாய். கொதிக்கிற பாத்திரத்தைத் தொடாதே என்று சொல்லியும் தொட்டுவிட்டு அழுதாயே, ஐந்து வயதில், அன்றைக்கு உன் அம்மா உன் காதைத் திருகிக்கொண்டு "சேகர் காது, அப்படியே சேகர் காது" என்றாள். பத்தாம் வகுப்பில் டியூஷனுக்குப் போகாமல் கிரிக்கெட் ஆடப் போனபோதும் அதே பேச்சு. காஞ்சிபுரத்தில் உன் மாமா வீட்டுப் பிள்ளைகளையும் அப்படித்தான் திட்டுகிறார்கள். செத்துப்போன ஒருத்தனின் பெயர் நம் குடும்பத்தில் வசவாகிவிட்டது. அதை வசவாக்கியவன் நான்.

சேகரை நீ பார்த்தது இல்லை. உன் அம்மாவுக்கு நேர் இளையவன். இருபத்திரண்டு வயது, நெட்டையாக இருப்பான், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். அப்போது நீ உன் அம்மா வயிற்றில் ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக அவன்தான் காஞ்சிபுரத்திலிருந்து வந்தான். அப்போது நாங்கள் திருப்பதியில் ஓர் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம், நான் மதனப்பள்ளி ரூட்டில் கண்டக்டர். வந்த அன்றே கிளம்புவதாக இருந்தவனை நான்தான் நிறுத்தினேன். "இன்னா அவசரம், ரெண்டு நாள் இருந்துட்டு போடா, உனக்கு ஊர சுத்தி காட்டறேன்" என்றேன். மறுநாள் என் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். அவனுக்குத் தெலுங்கு ஓர் எழுத்து தெரியாது. கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "மாமா, அந்தம்மா இன்னா சொல்லுது, இந்தாளு இன்னா கேக்கறான்" என்று ஓயாமல் நச்சரித்தான். நான் கிண்டலாகச் சொன்னேன்: "ரான்னா வா. போன்னா போ. அவ்ளோதான்டா தெலுங்கு." அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்று முழுக்க ஸ்டாப்பில் நிற்கிறவர்களைப் பார்த்து "ரா, ரா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்ததும் அக்காவைப் பார்த்து "ரா அக்கா, துன்னலாம்" என்றான். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஒரு வார்த்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்பதை மனதில் வைத்துக்கொள்.

இப்போது உன் பிளானுக்கு வருகிறேன். நீ அனுப்பியதை நான்கு தடவை படித்தேன். நாராயணவனத்தைத் தாண்டி அடிவாரத்தில் வண்டியை விட்டு, ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்து, மலை முதுகிலேயே நடந்து, மறுபக்கம் கோனாப் பள்ளத்தாக்கு வழியாக ஓடையோடு இறங்கி, கிளம்பின இடத்துக்கே சாயங்காலம் ஐந்துக்குள் வந்து சேருவது. இருபத்திரண்டு கிலோமீட்டர். அதற்கு லூப் என்று பேர் வைத்திருக்கிறாய். எத்தனை லிட்டர் தண்ணீர், யார் பையில் எது, எங்கே சிக்னல் போகும் என்றெல்லாம் அழகாக எழுதியிருக்கிறாய். கண்டக்டர் பிள்ளை டைம் டேபிள் போடத் தெரியாமல் இருப்பானா? ஆனால் கடைசி நான்கு கிலோமீட்டரைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: "ஓடையை ஆறு இடத்தில் கடக்க வேண்டும், சுலபம்." அந்தக் கோனாவின் பேரை இங்கே எழுத என் கை வரவில்லை. நீ போகப் போவது அதே கோனா. நீ மேப்பில் நீலக் கோடாகப் போட்டிருக்கிற அதே ஓடை. உன் கணக்கில் ஆறாவது கடவு இருக்கிறதே, அடிவாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால், இரண்டு பெரிய பாறைக்கு நடுவில், அங்கேதான்.

நானும் அன்று ஒரு பிளான் போட்டேன். காகிதத்தில் இல்லை, மண்டையில். கல்யாணத்துக்கு முன்னால் டிப்போ ஆட்களோடு இந்தப் பக்கமாக ஏறி மலை முதுகு வரைக்கும் போய்த் திரும்பியிருந்தேன். இன்னொரு தடவை அந்தப் பக்கம் கோனாவில் குளிக்கப் போய்ப் பாதி தூரம் ஏறியிருந்தேன். இரண்டு பாதியும் தெரியும், அதனால் முழுசும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் இருக்கிற தூரத்தை நான் ஒருநாளும் நடந்ததே இல்லை. இது என் முதல் முட்டாள்தனம். சேகரிடம் நாலு மணி நேரத்தில் முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்விடலாம் என்றேன். மறுநாள் காலையில் அவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும், உன் அம்மா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "ஏழு மாசக்காரிய தனியா வுட்டுட்டு மல ஏற போறீங்களா?" என்று கேட்டாள். "மத்தியானத்துக்குள்ள வந்துடுவோம்மே" என்றேன். கட்டித் தந்த தயிர்ச் சோற்றை ஒன்பது மணிக்கே தின்று தீர்த்துவிட்டோம். பதினோரு மணிக்கும் மலை முதுகு முடியவில்லை. முள்ளுச் செடி, பாறை, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. சேகரின் செருப்பு வார் அங்கேயே ஒரு தடவை அறுந்தது. "மாமா, வந்த வழியே பூடலாமா? அக்கா தேடும்" என்று கேட்டான். கேட்டான், நைனா. நான்தான் "பாதி தாண்டிட்டோம்டா, திரும்பறதும் ஒன்னு, போறதும் ஒன்னு" என்றேன். சுற்றுப் பாதையில் நடக்கிறவனுக்கு எல்லாம் அப்படித்தான் தோன்றும். வந்த வழி நமக்குத் தெரிந்த வழி, முன்னால் இருப்பது தெரியாத வழி, இரண்டும் எப்படி ஒன்றாகும்? அவன் சரி மாமா என்று சொல்லி அறுந்த வாரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு என் பின்னால் வந்தான்.

கோனாவில் இறங்க ஆரம்பித்தபோது மணி மூன்று இருக்கும். எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். ஆனால் மலைக்கு மேற்கே கருப்பாக மூடிக்கொண்டிருந்தது, அதை நான் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. ஐந்து இடத்தில் ஓடையைக் கடந்தோம், தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. ஆறாவது இடத்துக்கு நான் முன்னால் போய்விட்டேன். வீட்டுக்குப் போக வேண்டுமே என்கிற பதற்றத்தில் விறுவிறுவென்று நடந்துவிட்டேன். முழங்கால் அளவு தண்ணீரில் கடந்து கரை ஏறித் திரும்பிப் பார்த்தால் சேகர் இல்லை. பின்னால் எங்கேயோ உட்கார்ந்து மறுபடியும் வாரைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் தண்ணீரின் நிறம் மாறியது. கண்ணாடி மாதிரி இருந்தது டீத்தண்ணி மாதிரி ஆயிற்று, இலையும் சருகும் மிதந்து வந்தது, பிறகு சத்தம் வந்தது. சேகர் அக்கரைப் பாறையில் வந்து நின்றான். கையை உயர்த்தி என்னை ஏதோ கேட்டான். என் ஒரு கையில் பை, இன்னொரு கை மரத்து வேரைப் பிடித்திருந்தது, நான் நின்ற இடமும் வழுக்கியது. கையைக் காட்ட முடியவில்லை. வாயால்தான் கத்தினேன். "ஆகுரா! ஆகுரா!" என்று கத்தினேன். அவன் தண்ணீரில் காலை வைத்தான். மூன்று எட்டு வைத்தான். நான்காவது எட்டு வைக்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு வளைவு தள்ளி வேர்களுக்கு நடுவில் கிடைத்தான். போலீஸ் ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். தெலுங்கில் கேட்டார்கள், தெலுங்கிலேயே சொன்னேன்: "ஆகமன்னானு சார், வினலேது." நிற்கச் சொன்னேன், கேட்கவில்லை. அது பொய் இல்லை நைனா. தெலுங்கில் சொல்லும்போது அது சத்தியமான உண்மை. வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா மடித்து வைத்த பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க கூடதான இருந்தீங்க? சொல்லலையா நீங்க?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அதே வார்த்தையைத் தமிழில் சொன்னேன்: "நில்லுன்னு கத்தனேன்மே. கேக்காம காலை வெச்சிட்டான்." அப்படித் தமிழில் மாற்றிச் சொன்ன உடனே அது பொய்யாகிவிட்டது, ஆனால் அன்றைக்கு எனக்கே அது தெரியாது. அவள் தலையில் அடித்துக்கொண்டு "சின்னதுல இருந்து அவன் காதே அப்படிதான், யாரு சொன்னாலும் ஏறாது" என்று அழுதாள். அங்கேதான் அந்த வசவு பிறந்தது.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பாய். வேலைக்குத் திரும்பி நாலைந்து நாள் இருக்கும். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் வண்டி பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது. மொட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு தமிழ்க்கார அம்மா, வேலூர்ப் பக்கம் போல, ஓடுகிற வண்டியின் படியில் காலை வைக்கப் பார்த்தார்கள். நான் "ஆகம்மா, ஆகம்மா!" என்று கத்தினேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து "ஆவுமா? சரிப்பா" என்று சொல்லிக் காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டார்கள். கையைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்தான் டிக்கெட் கொடுக்காமல் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆகு என்றால் தெலுங்கில் நில். தமிழ்க் காதில் அது 'ஆகும்' என்று விழும். ஆகுரா என்றால் தெலுங்கில் நில்லுடா. அந்த 'ரா' டா என்கிற மாதிரி ஒட்டிக்கொள்கிற ஒரு சொல். ஆனால் சேகருக்குத் தெரிந்த 'ரா' வேறு. ரான்னா வா என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த வாய்தான். நான் நில்லுடா என்று கத்தினேன். அவனுக்கு "ஆகும், வா" என்று கேட்டிருக்கிறது. பஸ்ஸை நிறுத்த ஹோல்டான் என்று கத்துவேன், அது எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும். ஓடுகிற வண்டியில் தொங்குகிற காலேஜ் பையன்களைப் பார்த்து ஆகுரா ஆகுரா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துவேன். உயிர் போகிற நேரத்தில் வாய்க்கு வந்தது அதுதான். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு, ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசிக்கொண்டு, எதிரில் இருப்பவனுக்கு எது தெரியும் என்று யோசிக்காத ஜனம் நாம்.

அன்றைக்கே காஞ்சிபுரம் போய் உன் அம்மாவின் காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். அவள் வாயும் வயிறுமாக இருக்கிறாள், சொன்னால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பிறந்தாய். பச்சை உடம்புக்காரி, பிறகு சொல்லலாம் என்றேன். பிறகு நீ நடந்தாய், பேசினாய், பள்ளிக்கூடம் போனாய், நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா? பயம். அவள் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்கிற பயம், வேறு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவன் செத்த நாளில் அவள் படையல் போடுவதைப் பார்த்திருக்கிறாய். வடையை வைக்கும்போதே திட்டுவாளே, "சொன்ன பேச்ச கேக்காத கழுத, இந்தா துன்னு" என்று. உங்களுக்கு எல்லாம் அது வேடிக்கை, சிரிப்பீர்கள். நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்வேன். அவள் தம்பிக்காக ஒரு நாள்கூட நிம்மதியாக அழுதது இல்லை. கோபம்தான் முன்னால் வந்தது. அந்தக் கோபத்தை அவளுக்குக் கொடுத்தது நான்.

இதை எல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நீ என்னை மாதிரிதான். சின்ன வயதில் காய்ச்சல் வந்து உளறினால் தெலுங்கில் "நீள்ளு, நீள்ளு" என்று தண்ணீர் கேட்பாய். திடுக்கிட்டால் உன் வாயிலும் தெலுங்குதான் வரும். போன பொங்கலுக்கு ரேணிகுண்டா ஸ்டேஷனில் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? வண்டி முழுசாக நிற்கவில்லை. என் மருமகள் இறங்கப் போனாள். நீ உள்ளேயிருந்து "ஆகு, ஆகு!" என்று கத்தினாய். அந்தத் தஞ்சாவூர்ப் பெண் "ஆச்சுங்க, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே குதித்துவிட்டாள். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை குறைந்துவிட்டது என்று எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தீர்கள். அந்தப் பெண்தான் உன்னோடு அந்த ஓடையில் இறங்கப் போகிறாள். கூட வருகிற உன் ஆபீஸ் நண்பர்கள், ஒருவர் ராஜமுந்திரி, ஒருவர் பெங்களூரு. நான்கு பேர், மூன்று பாஷை. அவளுக்கும் தெலுங்கில் தெரிந்தது ஒரே வார்த்தைதான். நேற்று போனில் என்னைப் பார்த்து "ரா மாமா, நீங்களும் ட்ரெக்கிங் ரா" என்று விளையாடினாள்.

போகாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கார்த்திகை மாதத்தில் அந்தக் கோனாவுக்குப் போகாதே. காலில் விழச் சொன்னால் விழுகிறேன். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளையைக் கட்டிப்போட என்னால் முடியாது, தெரியும். என் பேச்சை மீறிப் போகத்தான் போகிறாய் என்றால், லூப்பை விட்டுவிடு, ஏறின வழியே இறங்கு. பதினொரு மணிக்கு எங்கே இருந்தாலும், உச்சி கண்ணுக்கு எதிரில் இருந்தாலும், திரும்பு. மேற்கே கறுத்தால் ஓடைப் பக்கமே இறங்காதே. யாரையும் பின்னால் விட்டுவிட்டு முன்னால் போகாதே, செருப்பு வார் அறுந்தவன்தான் அன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் டிரைவர், அவன் வேகம்தான் உங்கள் வேகம். வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்னால் நான்கு பேரும் ஒன்றாக நின்று, நிற்பதற்கு ஒரு வார்த்தை முடிவு பண்ணுங்கள். ஒரே வார்த்தை. எல்லோரும் அதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், ஒரு விசில் நில், இரண்டு விசில் வா. விசிலுக்குப் பாஷை இல்லை. வெட்கப்படாதே, சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

இதுவரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். உனக்கு அனுப்புவதற்கு முன்னால் உன் அம்மாவுக்குச் சொல்லாமல் இருந்தால் அது இன்னொரு திருட்டுத்தனம் என்று தோன்றியது. அவள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போய் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். இதை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டேதான் கேட்டாள். ஆகுரா என்கிற இடம் வந்ததும் கை நின்றது. நான் படித்து முடித்ததும் கேட்டாள், "அக்கரையில நின்னுக்கினு கைய தூக்கி ஏதோ கேட்டான்னு எழுதியிருக்கிறியே. இன்னா கேட்டான்?" என்னை வாங்க போங்க என்று தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவள், நைனா. முதல் தடவையாக நீ என்றாள்.

அதை நான் இந்தக் கடிதத்தில்கூட எழுதவில்லை. எழுத முடியவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் அவனுக்குக் காது கேட்டிருக்காது என்று ஊரில் சிலர் சொன்னபோது, ஆமாம் என்று அதற்கும் தலையை ஆட்டினவன் நான். அவளிடம் சொன்னேன். "மாமா, ஆவுமா?" என்று கேட்டான். நான் கத்தினேன். "நீ கத்தின பிறகு அவன் பேசினானா?" என்று கேட்டாள். பேசினான் என்றேன். "தோ வர்றேன் மாமா" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

உன் அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்ப கேட்டுக்கினுதான் வந்திருக்கான்" என்றாள். "நல்லா காது கேட்டுதான் வந்திருக்கான். நீ சொன்னத கேட்டுதான் வந்திருக்கான். நான் இத்தினி வருஷமா அவன வாய்க்கு வந்தபடி திட்டி வஞ்சிக்கினு இருந்தனே. இலைய போட்டு சோத்த வெச்சி வஞ்சனே, பாவி." அப்புறம் அழுதாள். இப்படி அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. நான் கிட்டே போனேன், "தொடாத" என்றாள். தள்ளிப் போய் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் இரண்டே விஷயம் சொன்னாள். அந்த இடத்தை அவள் பார்க்க வேண்டுமாம். அடிவாரத்திலிருந்து ஒரு மணி நேரம்தானே, மழை விட்டு ஓடை வற்றட்டும், தை மாதம் போகலாம், முட்டி வலித்தாலும் நடக்கிறேன், என் தம்பியிடம் நான் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாள். இன்னொன்று உனக்கு. "நான் வர்ற வரிக்கும் அவன அங்க போவாதன்னு சொல்லு. நில்லுன்னு சொல்லு. இந்த தடவையாவது ஒயுங்கா அவனுக்கு புரியற மாதிரி சொல்லு."

அதனால் தமிழில் எழுதுகிறேன். நில்லுடா, நைனா. இப்போது எங்கே இருக்கிறாயோ அங்கேயே நில். போனை எடுத்து, புரிந்தது என்று உன் வாயால் உன் அம்மாவிடம் சொல். நீ என்ன புரிந்துகொண்டாய் என்பதையும் திருப்பிச் சொல். அவள் கையில்தான் போன் இருக்கிறது, ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.